வடசென்னை வோட்டும் தென்சென்னை வோட்டும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஒரு தோழர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே!

"ஏழைக்கு வோட்டின் அருமை தெரியாது, படித்தவனுக்குத்தான் பொறுப்பு உண்டு" என்று கனவான்கள் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். சென்னை நகரத்தின் கணக்கு என்ன சொல்கிறது?

2024 பார்லிமெண்ட் தேர்தலில் வடசென்னைத் தொகுதியில் நூற்றுக்கு 60 பேர் வோட்டளித்தார்கள். தென்சென்னையில் 54. மத்திய சென்னையிலும் 54தான். வடசென்னை எது? திருவொற்றியூர், ராயபுரம், பெரம்பூர்: துறைமுகத் தொழிலாளியும் மீனவரும் ஆலைத் தொழிலாளியின் பிள்ளைகளும் வாழும் இடம். 1918ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த மண். தென்சென்னையில்தான் மயிலாப்பூரும் தியாகராய நகரும் இருக்கின்றன. நகரத்தை விட்டுத் தள்ளி, வானம் பார்த்த பூமியான தர்மபுரியில் 81 பேர் வோட்டளித்தார்கள்! யாருக்குப் பொறுப்பு இல்லை?

காரணம் ரகசியமல்ல. பங்களாவில் தண்ணீர் வரவில்லை என்றால் ஒரு டெலிபோன் போதும். குழாயடியில் குடத்தோடு நிற்கும் தாய்க்கு வோட்டும் சங்கமும்தான் உண்டு.

கணக்குக்குள் ஒரு கணக்கு

ஆனால் தோழர்களே, எதிராளியைப் போல நாமும் அவசரப்படக் கூடாது. தென்சென்னையிலும் பாட்டாளி மக்கள் உண்டு. மேலும், நூற்றுக்கு இத்தனை என்பது பட்டியலில் உள்ள பெயர்களை வைத்துப் போடும் கணக்கு. இறந்தவர், வீடு மாறியவர் பெயரெல்லாம் பட்டியலில் கிடந்தால் சதவிகிதம் தானாகவே குறையும். அப்படியானால் பட்டியலைச் சுத்தம் செய்வது நல்லதுதானே? நல்லதுதான். யாரைச் சுத்தம் செய்கிறார்கள் என்பதே கேள்வி.

நகரத்தில் அடிக்கடி வீடு மாறுவது யார்? சொந்த வீட்டுக்காரர் அல்ல, வாடகைக் குடித்தனக்காரர். கூவம், அடையாறு கரைக் குடிசைகளிலிருந்து 2000 முதல் கண்ணகி நகருக்கும், 2015 வெள்ளத்திற்குப் பின் பெரும்பாக்கத்திற்கும் கொண்டுபோய் விடப்பட்ட மக்கள். வேலை போயிற்று, பள்ளி போயிற்று. பழைய விலாசத்தோடு வோட்டும் போகலாம். கிராமத்துத் தோழர்களே, கட்டிட வேலைக்குப் பட்டணம் போன உங்கள் மகனுக்கும் இதே ஆபத்து. ஊரில் "ஆள் இல்லை" என்பார்கள். பட்டணத்தில் "விலாசம் இல்லை" என்பார்கள்.

2025 டிசம்பரில் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியல் வந்தபோது, சென்னை மாவட்டத்தில் மட்டும் சுமார் 14 லட்சம் பெயர்கள் அதில் இல்லை. அவற்றில் இறந்தவர் பெயரும் உண்டு, இரட்டைப் பதிவும் உண்டு. ஆனால் உயிரோடு உழைக்கும் ஒருவர் பெயர் விடுபட்டாலும் அது அநீதி.

இது புதிதல்ல. முதல் பொதுத் தேர்தலின்போது, "இன்னார் மனைவி", "இன்னார் தாய்" என்று மட்டும் பதிந்திருந்த சுமார் 28 லட்சம் பெண்கள் நாடெங்கும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

சும்மா வந்த உரிமையா?

வெள்ளைக்காரன் காலத்தில் சொத்தும் வரியும் படிப்பும் உள்ளவனுக்கே வோட்டு. வயது வந்த அனைவருக்கும் வோட்டு என்பது விடுதலைப் போராட்டத்தின் பலன். அதன் பிறகும், 1973ல் கலைக்கப்பட்ட சென்னை மாநகராட்சி மன்றத்திற்கு 1996 வரை தேர்தலே இல்லை. மறுபடி 2016 முதல் 2022 வரை கவுன்சிலர் கிடையாது. 2022ல் தேர்தல் வந்தபோது நகரில் பாதிப் பேர்கூட வோட்டளிக்கவில்லை. தேர்தலையே நடத்தாமல் வைத்திருந்துவிட்டு, ஜனங்களுக்கு அக்கறையில்லை என்று பழி சொல்வது என்ன நியாயம்?

என்ன செய்வது?

ஒவ்வொரு தெருவிலும் இரண்டு தோழர்கள் பட்டியலைக் கையில் எடுத்து வீடு வீடாகப் போகவேண்டும். பெயர் இல்லையா? 6ஆம் நம்பர் படிவம். வீடு மாறினாரா? 8ஆம் நம்பர் படிவம். எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள்.

வோட்டுப் பதிவு நாளில் சம்பளத்தோடு லீவு கொடுக்க வேண்டும் என்பது சட்டம்: 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், 135பி பிரிவு. தினக்கூலிக்கும் அது பொருந்தும். "லீவு போட்டால் கூலி இல்லை" என்று காண்ட்ராக்டர் சொன்னால், தனியாக நின்று வாதாடாதீர்கள். சங்கத்தோடு போய்க் கேளுங்கள்.

வோட்டு மட்டும் கூலியை உயர்த்தாது, வீட்டைக் காப்பாற்றாது. அதற்கு அன்றாடப் போராட்டம் வேண்டும். ஆனால் பட்டியலில் பெயரே இல்லாதவனை எந்த அதிகாரி மதிப்பான்? ஆகவே, இன்று வீடு திரும்பியதும் முதல் வேலையாக உங்கள் பெயரைப் பாருங்கள். இரண்டாவது வேலையாக, அடுத்த வீட்டாரின் பெயரைப் பாருங்கள்!