தோல் ஒருமுறை, நஞ்சு பலமுறை

(திருவேங்கடத்தில் ஆசிரியர்களிடையே நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



வேட்டையிலிருந்தும் இயற்கையிலிருந்தும் வாழ்க்கைக்கும் தொழிலுக்கும் என்ன கற்றுக்கொள்ளலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறீர்கள். இந்தத் தலைப்பைக் கேட்டவுடன் நமக்குத் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் நினைவுக்கு வருவார்கள். சிங்கத்தைப் போலப் பாய வேண்டும், புலியைப் போலப் போட்டியாளரை வீழ்த்த வேண்டும் என்பார்கள். கைதட்டல் கிடைக்கும். காட்டில் நடப்பது வேறு. புலியின் பாய்ச்சல்களில் பெரும்பாலானவை வீணாகத்தான் போகின்றன. தோற்ற பிறகும் அடுத்த வேட்டைக்கு உடம்பில் வலு மிச்சமிருக்க வேண்டும் என்பதால், அது நாளின் பெரும்பகுதியைப் படுத்தே கழிக்கிறது. பாய்ச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஓய்வைப் பற்றிப் பேசுவதில்லை. தேர்வில் ஒருமுறை தோற்ற பிள்ளையை வேண்டாதவனாகப் பார்க்கும் நமக்கு, தோல்வியைக் கணக்கில் வைத்தே வாழும் புலி நல்ல பாடம்.

நம் ஊர்ப் பக்கமே வருவோம்.

முயலின் திருப்பம்

திருவேங்கடத்தைச் சுற்றி இருப்பது கரிசல் மண். மானாவாரி நிலம். உளுந்து, பாசிப்பயறு, மக்காச்சோளம், பருத்தி என்று மழையை நம்பிய வெள்ளாமை. அறுவடை முடிந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பில்லாத வெளி. இந்த வெளியில் உருவானதுதான் சிப்பிப்பாறை நாய். அந்தப் பெயரைக் கொடுத்த சிப்பிப்பாறைக் கிராமம் பக்கத்து விருதுநகர் மாவட்டத்தில், இங்கிருந்து அதிகத் தொலைவில்லாமல் இருக்கிறது. ஒடுங்கிய இடுப்பு, ஆழமான நெஞ்சு, நீண்ட கால்கள். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி ஓடும் வேட்டை நாய் அது. மறைப்பில்லாத நிலத்துக்கு ஏற்ற உடம்பு. நிலம் எப்படியோ அப்படி விலங்கு.

நேர்க்கோட்டில் ஓடினால் நாய்க்கு முயல் தாக்குப்பிடிப்பது கடினம். அதனால் முயல் நேராக ஓடுவதில்லை. நாய் நெருங்கும் நேரத்தில் சட்டென்று திரும்பும். ஓடிவந்த வேகத்தில் நாய் சில அடிகள் தாண்டிப் போய்விடும். அந்தச் சில அடிகள்தான் முயலின் உயிர். வேகத்தை வெல்ல அதைவிட அதிக வேகம் தேவைப்படவில்லை, சரியான நேரத்தில் ஒரு திருப்பம் போதுமாக இருந்தது.

இதைத் தொழிலோடு பொருத்திப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவது தீப்பெட்டித் தொழிலால். 14 ஆண்டுகள் 1 ரூபாயாக இருந்த தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது. அதே காலத்தில் வெளிநாட்டு லைட்டர்கள் கடைகளில் குவிந்தன. 20 ரூபாய்க்கும் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது. தடை மூச்சுவிட நேரம் தரும். அந்த நேரத்துக்குள் எந்தப் பக்கம் திரும்புவது என்பதைத் தொழில் செய்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். அப்படி யோசிக்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பில் ஏழாம் வகுப்பும் எட்டாம் வகுப்பும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். வேட்டையிலிருந்து கற்கலாம் என்பதற்கு வேட்டைக்குப் போகலாம் என்று பொருளில்லை. வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தது. முயலும் அதன் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது. மீறினால் 3 ஆண்டுகள் வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ராத்திரியில் பெரியவர்களோடு போகும் பையன்களுக்கு இதைச் சொல்ல நம்மைவிட்டால் ஆளில்லை. ஒரு வழக்கு பதிவானால் போதும், அந்தப் பிள்ளையின் வேலைவாய்ப்பு முழுவதும் அதில் சிக்கிக்கொள்ளும்.

சட்டம் வந்த பிறகு வேட்டையை நம்பியிருந்த மக்கள் என்ன செய்தார்கள்? தமிழ்நாட்டிலேயே அதற்கு ஓர் அருமையான விடை இருக்கிறது.

வடநெம்மேலியில் நடந்தது

சென்னைக்குத் தெற்கே செங்கல்பட்டுப் பக்கம் வாழும் இருளர் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடிப்பவர்கள். ஒரு காலத்தில் பாம்புத் தோலுக்கு வெளிநாடுகளில் பெரிய சந்தை இருந்தது. இருளர்கள் பிடித்துக் கொடுத்தார்கள், வியாபாரிகள் ஏற்றுமதி செய்தார்கள். 1972ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்து வந்த ஏற்றுமதித் தடையும் அந்த வருமானத்தை நிறுத்தின. பாம்புகளுக்கு நல்லது நடந்தது. ஆனால் அந்த மக்களின் வயிற்றுக்கு யாரும் வழி சொல்லவில்லை.

சென்னைப் பாம்புப் பண்ணையைத் தொடங்கிய ரோமுலஸ் விட்டேக்கர் இருளர்களை நன்கு அறிந்தவர். அவர்களிடம் இருந்த திறமை அப்படியே இருந்தது, அதை வாங்கும் சந்தைதான் மூடப்பட்டிருந்தது. அதே திறமைக்கு வேறு சந்தை உண்டா என்ற கேள்வியிலிருந்து பிறந்ததுதான் 1978இல் பதிவான இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவுச் சங்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை வளாகத்தில் இன்றும் இயங்குகிறது.

அங்கே என்ன செய்கிறார்கள்? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கு வகைகளை உயிரோடு பிடித்து வருகிறார்கள். மண்பானையில் வைத்துப் பராமரிக்கிறார்கள். சில வாரங்களில் நான்கு முறை வரை நஞ்சு எடுக்கிறார்கள். பிறகு வயிற்றுச் செதிலில் சிறு அடையாளம் வெட்டிக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளமுள்ள பாம்பு மறுபடி சிக்கினால் அதை எடுப்பதில்லை. எடுத்த நஞ்சை உலர்த்திப் பொடியாக்கி மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறார்கள். அந்த நஞ்சைக் குதிரைகளுக்கு மிகச் சிறு அளவில் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் பொருளைப் பிரித்தெடுத்து நஞ்சுமுறிவு மருந்து செய்கிறார்கள். இந்தியாவில் அந்த மருந்துக்குப் பயன்படும் நஞ்சில் பெரும்பகுதி இந்தச் சங்கத்திலிருந்துதான் போயிருக்கிறது.

இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறப்பதாக 2020இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. வயலில் வேலை செய்யும் ஏழைகள்தான் அதில் அதிகம். இந்தப் பின்னணியில் அந்த மண்பானைகளை நினைத்துப் பாருங்கள்.

இதில் உள்ள தொழில் பாடம் எளிமையானது. தோல் ஒருமுறைதான் விலைபோகும், அதோடு பாம்பும் போய்விடும். நஞ்சு பலமுறை விலைபோகும், பாம்பும் காட்டில் இருக்கும், அது எலியைத் தின்று வெள்ளாமையையும் காக்கும். முதலைத் தின்பதற்கும் வட்டியில் வாழ்வதற்கும் உள்ள வேறுபாடு இது. முட்டையிடும் கோழியை விருந்தாளிக்காக அடிக்கலாமா வேண்டாமா என்று நம் வீடுகளில் நடக்கும் விவாதமும் இதேதான். நம் பிள்ளைகளுக்கு இது உடனே புரியும்.

கூட்டுறவு வடிவத்தையும் கவனிக்க வேண்டும். தனி ஆளாகப் பாம்பு பிடித்தவர் இடைத்தரகர் சொன்ன விலைக்குக் கொடுத்தார். சங்கமாக நின்றபோது விற்கும் உரிமை அவர்கள் கைக்கு வந்தது. இதனால் எல்லாத் துன்பமும் தீர்ந்துவிடவில்லை. எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்பதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அனுமதி தாமதமானால் வருமானமும் தாமதமாகும். சங்கத்துக்கு வெளியே உள்ள இருளர் குடும்பங்கள் ஏராளம். ஆனாலும் ஒரு கதவு மூடியபோது கையிலிருந்த அறிவைத் தூக்கி எறியாமல் இன்னொரு கதவைத் தட்டினார்கள் என்பது பெரிய செய்தி.

2017இல் அந்த அறிவு கடல் கடந்தது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலச் சதுப்புநிலங்களில் வெளியிலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகள் உள்ளூர் விலங்குகளை அழித்துக்கொண்டிருந்தன. மோப்ப நாய்களை விட்டுப் பார்த்தார்கள், பரிசுப் போட்டிகள் நடத்திப் பார்த்தார்கள். கடைசியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இருளர் இருவரை அழைத்தார்கள். முதல் இரண்டு வாரங்களுக்குள் அவர்கள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்தார்கள். அதில் ஒன்று 16 அடி நீளம். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. எச்சம், தடம், உரித்த சட்டை, புல் சாய்ந்திருக்கும் விதம் ஆகியவற்றை வைத்துப் பாம்பின் இருப்பிடத்தைச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். வாசிப்பு என்று நாம் சொல்வதும் அதைத்தானே?

முதலில் குட்டிகள்

இன்னொரு பாடம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கிறது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தில் செந்நாய்கள் வாழ்கின்றன. உருவத்தில் சிறியவை, ஆனால் கூட்டமாகச் சேர்ந்து தம்மைவிடப் பெரிய மானை வீழ்த்துபவை. வீழ்த்திய பிறகு குட்டிகளை முதலில் தின்ன விட்டுப் பெரியவை காத்திருக்கும். குகையில் குட்டிகளுக்குக் காவல் இருந்தவற்றுக்கும் வேட்டையில் பங்கு உண்டு. தின்றதைக் கக்கிக் கொடுக்கும்.

ஓடியவனுக்கு மட்டுமே சம்பளம் என்று செந்நாய்க் கூட்டம் நினைத்திருந்தால் அடுத்த தலைமுறை இருந்திருக்காது. ஒரு பள்ளியிலும் அப்படித்தான். தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டும் ஆசிரியர் மேடையேறுகிறார். ஒன்றாம் வகுப்பில் எழுத்தைக் கையைப் பிடித்து எழுத வைத்தவரும், இடைநின்ற பிள்ளையின் வீட்டுக்கு நாலு முறை நடந்தவரும் குகையைக் காத்தவர்கள். அவர்களின் பங்கு அவர்களுக்குப் போய்ச்சேர வேண்டும்.

ஒரு சிட்டும் ஓர் ஆசிரியரும்

பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் கதை உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் காற்றுத் துப்பாக்கியால் ஒரு சிட்டை வீழ்த்தினார். அதன் தொண்டையில் மஞ்சள் தீற்றல் இருந்தது. அது என்ன பறவை என்று கேட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனார். இந்தக் கதையில் நாம் அதிகம் பேசாத ஒருவர், கழகத்தின் செயலாளர் மில்லார்டு. பறவையோடு வந்த பையனை அவர் விரட்டவில்லை. பறவையின் பெயரைச் சொல்லிவிட்டு அனுப்பிவிடவும் இல்லை. கழகத்தில் சேகரித்து வைத்திருந்த பறவைகளை எல்லாம் எடுத்துக் காட்டினார், கற்றுக் கொடுத்தார். வேட்டைக்காரப் பையனுக்குள் ஓர் ஆராய்ச்சியாளர் இருப்பதை அந்தச் சில நிமிடங்கள் வெளியே கொண்டுவந்தன.

நம் பள்ளிகளுக்கும் மில்லார்டைத் தேடி வரும் பிள்ளைகள் உண்டு. கௌதாரி எங்கே முட்டையிடும், மயில் எந்த நேரம் காட்டில் இறங்கும், பன்றி எந்த வரப்பு வழியாக மக்காச்சோளத்துக்குள் நுழையும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை. அதே பிள்ளைதான் கடைசி வரிசையில், படிப்பு ஏறவில்லை என்ற பெயரோடு உட்கார்ந்திருக்கிறது. ஒன்பதாம் வகுப்புக்குப் பிறகு வருகைப் பதிவேட்டிலிருந்து காணாமல் போவதும் பெரும்பாலும் அந்தப் பிள்ளைதான். இழப்பு அந்தக் குடும்பத்தோடு நிற்பதில்லை. தடம் படிக்கத் தெரிந்த ஒரு கண்ணை ஊரும் நாடும் இழக்கின்றன.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

பெரிய நிதி தேவையில்லாத நான்கு செயல்களைச் சொல்கிறேன்.

முதலாவது, வாரம் ஒருநாள் பத்து நிமிடம் மௌனக் கவனிப்பு. பள்ளி வளாகத்தில் ஆளுக்கோர் இடம். பேசக் கூடாது. பார்த்ததையும் கேட்டதையும் ஐந்து வரி எழுத வேண்டும். எழுதத் தயங்கும் பிள்ளை படமாக வரையட்டும், பிறகு அதற்குப் பெயர் எழுதட்டும். எழுத்து அங்கிருந்தே தொடங்கும்.

இரண்டாவது, தடப் பதிவேடு. மழை பெய்த மறுநாள் ஈரமண்ணில் பதிந்த கால்தடங்களை வரைந்து, அளந்து, எந்த உயிர் என்று கண்டுபிடிப்பது. அறிவியலும் கணக்கும் சேர்ந்த பாடம். கையில் அளவுகோல் மட்டும் இருக்கும், எந்த உயிரையும் தொடக் கூடாது என்பது விதி.

மூன்றாவது, தொழில் கணக்கு. கோழியை விற்பது, முட்டையை விற்பது, இரண்டில் ஓராண்டில் எது லாபம்? தீவனச் செலவு எவ்வளவு? பிள்ளைகள் வீட்டிலும் கடையிலும் விலை கேட்டு வரட்டும். பிறகு வடநெம்மேலிச் சங்கத்தின் கதையைச் சொல்லுங்கள். கூட்டுறவு என்ற சொல் பாடப்புத்தகத்தைவிட்டு இறங்கி வரும்.

நான்காவது, பாம்புக்கடி முதலுதவி. கரிசல் காட்டில் வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இது உயிர்ப் பிரச்சினை. கடித்த இடத்தைக் கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. கடிபட்டவரை அசையாமல் வைத்து, தைரியம் சொல்லி, உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பை அடித்து எடுத்துப்போக வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2024 முதல் பாம்புக்கடி கட்டாயம் தெரிவிக்கப்பட வேண்டிய நோயாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த நான்கு வரியை இறைவணக்கக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு பிள்ளையைச் சொல்ல வைத்தால், அது வீட்டுக்கும் போகும், காட்டுக்கும் போகும்.

இந்தச் செயல்களில் ஒன்றை நடத்தும் நாளில், கடைசி வரிசைப் பிள்ளையை முன்னால் அழைத்து அவனையோ அவளையோ அன்றைய வழிகாட்டியாக்குங்கள். தனக்குத் தெரிந்ததை ஆசிரியர் கேட்டு எழுதிக்கொள்கிறார் என்று கண்ட பிள்ளை, ஆசிரியருக்குத் தெரிந்ததைக் கேட்க மறுநாளும் பள்ளிக்கு வரும். வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயர் நிலைத்தால் அதுவே நமக்குக் கிடைக்கும் பங்கு.