மனுவோடு போக வேண்டிய வரைபடம்



புதுச்சேரியில் சொல்லிக்கொள்ளும்படி காடு கிடையாது. ஆனால் காட்டை வரைந்த ஊர் இது. 1955இல் இங்கே தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளை வகை பிரித்து வரைபடங்களாகத் தந்தது. எந்தக் காட்டில் எந்த மரம் என்று அவை சொல்லும். ஆனால் அங்கே தேனெடுக்கவும் கடுக்காய் பொறுக்கவும் எந்த ஊருக்கு உரிமை என்று காட்டும் வரைபடம் பல மலைகளுக்கு இன்னும் இல்லை. பட்டதாரிகளே, அதை நீங்கள் வரைய வேண்டும் என்று கேட்கத்தான் வந்திருக்கிறேன்.

2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம், வீட்டுக்கும் விளைநிலத்துக்கும் பட்டா தருவதோடு நிற்கவில்லை. ஊர் காலங்காலமாகப் பேணிவந்த காட்டையே கிராம சபையின் பொறுப்பில் விடச் சொல்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் மேந்தா லேகா என்ற கோண்டு பழங்குடி ஊர், 2009இல் சுமார் 1,800 ஹெக்டேருக்கு அந்த உரிமையைப் பெற்றது. பெற்றும் மூங்கிலை வெளியே கொண்டுபோய் விற்க முடியவில்லை. அதற்கான அனுமதிச் சீட்டுப் புத்தகம் வனத்துறையின் கையில் இருந்தது. 2011இல் அன்றைய மத்திய அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் நேரில் வந்து அந்தப் புத்தகத்தைக் கிராம சபையிடம் கொடுத்தார். அதன்பின் மூங்கிலை விற்றது ஊர். பணமும் ஊருக்கே வந்தது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான கிராம வளர்ச்சித் திட்டம் வேறில்லை.

தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை உரிமைப் பட்டா வழங்குவதே முடங்கிக் கிடந்தது. அதே 2016இல்தான் புதுச்சேரியின் இருளர்கள் பழங்குடிப் பட்டியலில் ஏறினார்கள். அதுவரை இங்கே அப்படி ஒரு பட்டியலே இல்லை. பழங்குடி இனச் சான்று சின்ன விஷயமல்ல. காட்டில் வாழும் குடும்பத்துக்கு அது இருந்தால், 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்ததைக் காட்டினால் போதும். இல்லாவிட்டால் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுக்கு ஆதாரம் கேட்கிறது சட்டம். எழுதப்படிக்க வாய்ப்பில்லாத குடும்பம் 75 ஆண்டுக் காகிதத்துக்கு எங்கே போகும்?

காகிதம்தான் வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. பெரியவர்களின் வாக்குமூலம், பழைய கிணறு, இடுகாடு, சாமி கும்பிடும் இடம் எல்லாமே சான்று. அவற்றைப் பதிவு செய்ய ஆள் இல்லாததால்தான் வன உரிமை கோரும் பல மனுக்கள் வலுவிழக்கின்றன. 2019 பிப்ரவரியில், மனு தள்ளுபடியானவர்களைக் காட்டிலிருந்து வெளியேற்ற உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. நாடு முழுக்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மனுதாரர்கள் கலங்கிப் போனார்கள். அந்த மாத இறுதியிலேயே ஆணை நிறுத்திவைக்கப்பட்டது. ஆனால் அச்சம் போய்விடவில்லை.

விழுப்புரம் தாண்டிக் கள்ளக்குறிச்சி போனால் கல்வராயன் மலை. அங்கே ஒரு மூதாட்டியோடு ஊர் எல்லையை நடந்து பாருங்கள். அவர் கை காட்டும் ஊற்றையும் கோயிலையும் கைபேசியில் குறித்து, வரைபடமாக்கி, ஊரார் முன் விரித்துச் சரிபாருங்கள். அந்த வரைபடத்தோடு மனுவை எடுக்கும் கிராம சபையில் உறுப்பினர்களில் பாதிப் பேராவது வந்திருக்க வேண்டும்; வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தில் அது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மனுவைத் தள்ளினால் காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேல்முறையீட்டுக்கு 60 நாள் உண்டு.