கிழ எலியின் இருதயமும் தலைவிதியும்



எலியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால், வீட்டிலுள்ள கிழவருக்கு நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கினால், “வயதாகிவிட்டது, எல்லாம் தலைவிதி” என்று வைத்தியரிடம்கூடக் காட்டாமல் விட்டுவிடுகிறோமே, அது சிரிக்கக்கூடிய காரியமா? விதி என்பது ஒரு பதிலா? கேள்வியை மூடிவைக்கிற மூடிதானே அது!

விஞ்ஞானிகள் அந்த மூடியைத் திறந்து பார்த்தார்கள். அதற்கு எலி எதற்கு? ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கு ஆயுள் 2, 3 வருஷந்தான். ஒரே இனம், ஒரே தீனி, ஒரே மாதிரிக் கூண்டு என்று வளர்த்தால், இளசுக்கும் கிழத்துக்கும் உள்ள வித்தியாசம் வயதினால் வந்தது என்று பெரும்பாலும் தீர்மானிக்கலாம்.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்தில் லகாட்டா என்பவரும் அவரது கூட்டாளிகளும் 1975-ல் ஒரு பரீட்சையின் முடிவை வெளியிட்டார்கள். கிழ எலியின் இருதயச் சதை சுருங்கும் பலத்தில் குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு சுருக்கமும் முடிந்து தளர்வதற்கு அதிக நேரம் பிடிக்கிறது!

கவலை இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். மாடு முன்னே இழுத்தால் மட்டும் போதுமா? பின்னே வந்து சால் கிணற்றில் இறங்கி நிரம்பினால்தானே அடுத்த தடவை தண்ணீர் வரும்? எலியின் இருதயமோ நிமிஷத்திற்கு 300 தடவைக்கு மேல் அடிப்பது. தளர்வது தாமதித்தால் நிரம்புவதற்கு நேரம் ஏது?

தாமதத்திற்குக் காரணம் என்ன? கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து சதையணுவுக்குள் அவிழ்த்து விடப்படும்போது சதை சுருங்குகிறது. அதைத் திரும்ப உள்ளறைக்கு இறைத்தால் தளர்கிறது. இறைக்கிற புரதப் பொருள் கிழ எலியிடம் குறைகிறது. போதாததற்கு, சதையின் நடுவே நார்ப்பொருள் பெருகிச் சுவர் விறைக்கிறது. இதற்காகச் சுண்ணாம்பைத் தின்னக் கிளம்பிவிடாதீர்கள்! குறை சத்தில் அல்ல, இறைப்பில்.

இது மாற்ற முடியாததா? எலிகளுக்கு நெடுநாள் தேகப்பயிற்சி கொடுத்தபோது இந்தத் தாமதம் ஏற்படவில்லை என்று 1983-ல் அதே கூட்டத்தார் எழுதினார்கள். இறைப்புப் புரதத்தை உண்டாக்கும் மரபணுவைக் கிழ எலியின் இருதயத்தில் செலுத்த, தளர்ச்சி சீர்ப்பட்டதாக 2000-ல் வேறு சிலர் காட்டினார்கள். விதியாக இருந்தால் எலியின் ஓட்டத்துக்கு அது அசையுமா?

ஆனால் இதையும் கேளுங்கள். அதே வகை மரபணுச் சிகிச்சையை இருதயம் பலவீனப்பட்ட 250 நோயாளிகளிடம் பரீட்சித்தார்கள். பலன் இல்லை என்று 2016-ல் அச்சிட்டே சொல்லிவிட்டார்கள். எலி வேறு, மனிதன் வேறு. தங்கள் தோல்வியைத் தாங்களே ஊரறியச் சொல்வதுதான் விஞ்ஞானத்தின் யோக்கியதை. கிழத்தனத்தைப் போக்கும் என்று லேகியம் விற்கிறவர் எவராவது, “என் மருந்து பலிக்கவில்லை” என்று என்றைக்காவது நோட்டீஸ் போட்டதுண்டா?

ஆகவே தோழர்களே! வயோதிகம் வரத்தான் செய்யும். அதற்குக் காரணங்கள் உண்டு, காரணமுள்ளதை ஆராயலாம், சிலவற்றைத் தணிக்கவும் செய்யலாம். மூச்சு வாங்குவதற்கு இருதயம், சுவாசப்பை, இரத்தக் குறைவு என்று எத்தனையோ காரணங்கள் இருக்கக்கூடும். நாளைக்கே அந்தக் கிழவரை வைத்தியரிடம் அழைத்துப் போங்கள். தினம் எவ்வளவு தூரம் நடக்கலாம் என்றும் கேட்டு வாருங்கள். நெற்றியில் எழுத்தைத் தேடாதீர்கள். நெஞ்சைப் பரிசோதியுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகிறேன்.