காக்கிச் சட்டையும் கல்லாப் பெட்டியும்

(அம்பத்தூரில் பேசியது, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்தப் பேச்சை ஏட்டில் படிக்கவிருக்கும் வாசக நண்பரே!

இன்று நான் எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் சிறியதுபோல் தோன்றும். போலீஸ் உத்தியோகத்தில் இருப்பவர் வேறு தொழில் செய்யலாமா? கடை வைக்கலாமா? மனை வியாபாரத்தில் பங்கு கொள்ளலாமா? வட்டிக்குப் பணம் கொடுக்கலாமா? 'இது அவர்கள் இலாகா விவகாரம், நமக்கென்ன?' என்று கேட்கத் தோன்றும். நமக்கென்ன என்பதைத்தான் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

நாம் கூடியிருக்கும் இந்த வட்டாரத்தைப் பாருங்கள். 1955இல் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடி, 'சோஷலிச பாணி சமுதாயம்' என்று முழங்கிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஏரி நீர் பாய்ந்த வயல்கள் மனைகளாயின, மனைகள் நகர்களாயின. 2011இல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. 2019இல் ஆவடி தானே மாநகராட்சி ஆயிற்று. 2025 மார்ச்சில் பூந்தமல்லியில் மெட்ரோ ரயிலின் சோதனை ஓட்டம் நடந்தது. ரயில் வரும் என்ற சொல் வந்தாலே நிலத்தின் விலை ஏறும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை!

ஊர் வளர, காவலும் வளர்ந்தது. 2008இல் புறநகர்ப் போலீஸ் ஆணையகம் தோன்றியது. 2011இல் அது சென்னையோடு இணைந்தது. 2022 ஜனவரி முதல் நாள் ஆவடிக்கென்றே தனி ஆணையகம் பிறந்தது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் நிலம் பொன்னாய் விளையும் இடத்தில், அந்த நிலத்தின் வழக்கைத் தீர விசாரிக்க வேண்டியவரின் கை சுத்தமாக இருக்க வேண்டுமல்லவா?

கற்பனை செய்து பாருங்கள். முப்பது ஆண்டு ஆலையில் உழைத்து, சேமித்த காசில் அரைக் கிரவுண்டு வாங்குகிறீர்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தால், அங்கே வேறொருவர் கம்பி வேலி போட்டிருக்கிறார். பத்திரத்தை எடுத்துக்கொண்டு நிலையத்துக்கு ஓடுகிறீர்கள். "உட்காருங்கள், விசாரிக்கிறோம்" என்கிறார் அதிகாரி. அந்த வேலி போட்ட கம்பெனியில் அவருக்கும் ஒரு பங்கு இருந்தால்? மைத்துனர் பேரில், மனைவி பேரில், நண்பர் பேரில் இருந்தால்? நீங்கள் நீட்டிய மனு யாருக்கு எதிரான மனு? அதை விசாரிப்பவர் யார்? வாதியும் நீதிபதியும் ஒருவரே என்றால் வழக்கு எதற்கு!

இது இன்று நேற்று முளைத்த நோயன்று. நம் சென்னைக் கோட்டையின் வரலாற்றைப் புரட்டுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் சம்பளம் குறைவாகவும், சொந்த வியாபாரம் நிறைவாகவும் வாழ்ந்தார்கள். ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்குக் கொழுத்த வட்டிக்குக் கடன் கொடுத்தார்கள். பால் பென்பீல்டு என்பவர் அவர்களில் பேர்போனவர். கடனுக்கு ஈடு என்ன? உழவன் கட்டும் நிலவரி! கடன் கொடுத்த கூட்டத்தின் பக்கத்திலேயே கம்பெனியின் படையும் நின்றது. 1773இல் அந்தப் படை நவாபுக்காகத் தஞ்சையைப் பிடித்தது. தஞ்சையை அதன் மன்னரிடமே திருப்பிக் கொடுத்த கவர்னர் பிகட்டை, 1776இல் அவருடைய சொந்த ஆலோசனைச் சபையாரே சிறைப்படுத்தினர். அடுத்த ஆண்டு அவர் காவலிலேயே மாண்டார். கவர்னரையே சிறை வைத்த வட்டிக்கணக்கு அது! 1785இல் எட்மண்ட் பர்க் இந்த நவாபு கடனைப் பற்றி லண்டன் பாராளுமன்றத்தில் இடி முழக்கம் செய்தார்.

பாடம் என்ன? அதிகாரமும் வியாபாரமும் ஒரே கையில் சேர்ந்தால், அதிகாரம் வியாபாரத்துக்குக் கூலி வேலை செய்யும். அதனால்தான் 1786 முதல் 1793 வரை கவர்னர் ஜெனரலாக இருந்த கார்ன்வாலிஸ், உத்தியோகஸ்தரின் சொந்த வியாபாரத்தைத் தடுத்தார். கூடவே அவர்களின் சம்பளத்தையும் உயர்த்தினார். தடையும் ஊதியமும் ஜோடியாக வந்தன என்பதை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் அங்கே திரும்பி வருவேன்.

சட்டம் என்ன சொல்கிறது? சென்னை மாகாணத்துக்கு 1859இலேயே தனிப் போலீஸ் சட்டம் வந்தது. ஈராண்டு கழித்து வந்த 1861ஆம் ஆண்டின் இந்தியப் போலீஸ் சட்டம், தன் 10ஆம் பிரிவிலே தெளிவாகக் கூறிற்று: தலைமை அதிகாரியின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல், போலீஸ்காரர் வேறெந்த வேலையிலும் ஈடுபடலாகாது. நம் மாநிலத்தில் கீழ்நிலைப் போலீஸ் அலுவலருக்கு 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் உண்டு. ஐ.பி.எஸ். அதிகாரிகளுக்கு 1968ஆம் ஆண்டின் விதிகள் உண்டு. அந்த 1968 விதிகளைப் படித்தால், எழுதியவர் மனித சுபாவம் அறிந்தவர் என்பது விளங்கும். நேரடி வியாபாரம் மட்டுமா தடை? மறைமுக வியாபாரமும் தடை. குடும்பத்தார் நடத்தும் ஏஜென்சிக்கு ஆள் பிடித்துக் கொடுப்பதும் தடை. குடும்பத்தில் யாராவது தொழில் நடத்தினால் சர்க்காருக்குத் தெரிவித்தாக வேண்டும். ஊதியம் பெறாத சமூகத் தொண்டுக்கும், எப்போதாவது செய்யும் இலக்கியப் பணிக்கும் வழி விட்டிருக்கிறார்கள். கவிதை எழுதலாம், கமிஷன் வாங்கக் கூடாது!

விதியை மீறினால் இலாகா தண்டனை மட்டும்தானா? குற்றவியல் சட்டமே பேசுகிறது. வியாபாரம் செய்யக் கூடாதென்று சட்டத்தால் கட்டுண்ட அரசு ஊழியர் வியாபாரம் செய்தால், ஓராண்டு வரை வெறுங்காவல் என்று 1860இன் தண்டனைச் சட்டத்தில் 168ஆம் பிரிவு இருந்தது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 202ஆம் பிரிவாக நிற்கிறது. ஆகவே, சட்டம் இல்லையே என்று யாரும் கைவிரிக்க முடியாது.

"தனியார் ஒருவருக்குக் காவல் தேவைப்பட்டால் போலீஸ்காரர் போய் நிற்கக் கூடாதா?" என்று கேட்கலாம். நிற்கலாம். அதற்கும் அந்த 1861ஆம் ஆண்டுச் சட்டம் 13ஆம் பிரிவிலே ராஜபாட்டை போட்டிருக்கிறது. தேவைப்படுபவர் மனுச் செய்ய வேண்டும். செலவை அவர் ஏற்க வேண்டும். காவலர் தம் மேலதிகாரியின் கட்டளைக்கு உட்பட்டே நிற்பார். பணம் கஜானாவுக்குப் போனால் காவல். சட்டைப் பைக்குப் போனால் ஏவல்!

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலே இந்த வேற்றுமை மறந்துபோயிற்று. போலீஸ்காரர்கள் ஓய்வு நேரத்தில் தனியாருக்குக் காவல் நின்று காசு வாங்குவது அங்கே வழக்கமாகிப் பெருகியது. 2011இல் அந்நாட்டு நீதித்துறை ஆராய்ந்து, ஊழலுக்கு இதுவே பெரிய வாய்க்கால் என்று காட்டிக் கண்டித்தது. 2013இல் நீதிமன்றம் ஒப்பிய ஏற்பாட்டின்படி, அந்த வேலைகளைப் பகிர்ந்தளிக்க நகராட்சியே தனி அலுவலகம் வைத்தது. இங்கிலாந்திலோ, வேறு தொழில் உள்ள போலீஸ்காரர் அதை எழுத்து மூலம் தலைமை அதிகாரிக்குத் தெரிவித்தாக வேண்டும். உத்தியோகத்துக்குப் பொருந்தாது என்று கண்டால் அவர் மறுக்கலாம். ஊர் வேறு, உடை வேறு, உண்மை ஒன்று.

இனி வட்டிக்கு வருவோம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்னும் கொடுமைகளைத் தடுக்க 2003இல் நம் மாநிலத்தில் சட்டம் வந்தது. கடன் பட்டவன் ஓட வேண்டிய இடம் போலீஸ் நிலையம். 2017 அக்டோபரில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில், கந்துவட்டிக்கு ஆளான கூலித் தொழிலாளி ஒருவர், மனு மேல் மனு கொடுத்தும் விடிவு காணாமல், மனைவி மக்களோடு தீக்கிரையானதை நாடு கண்டு நடுங்கியது. அங்கே போலீசாருக்கு வட்டித் தொழில் இருந்ததென்று நான் கூற வரவில்லை. கடன்பட்டவனுக்குக் கதவு திறக்காவிட்டால் என்ன நேரும் என்பதை மட்டுமே கூறுகிறேன். கதவுக்குப் பின்னால் இருப்பவரே கடன் கொடுத்தவரும் ஆகிவிட்டால் அந்தக் கதவு என்றைக்குத் திறக்கும்? கோல் பிடித்தவன் கேட்பது, வேல் பிடித்தவன் வழிமறித்துக் கேட்பதைப் போன்றது என்று வள்ளுவர் கொடுங்கோன்மை அதிகாரத்திலே சொன்னார். காக்கிச் சட்டை போட்டவர் "தவணை எங்கே?" என்று மெல்லக் கேட்டாலும் அது மிரட்டலாகத்தான் காதில் விழும்.

தோழர்களே! இவ்வளவு சொன்ன நான் மறுபக்கத்தைச் சொல்லாமல் போனால் நீதியாகாது. இந்தக் கூட்டத்தின் ஓரத்திலே நின்று கேட்டுக்கொண்டிருக்கும் காவலரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதான். இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200 ரூபாயில் தொடங்கும் சம்பள விகிதம். வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக் கட்டணம், பெற்றோரின் மருந்துச் செலவு. ஊருக்குத் திருவிழா என்றால் அவருக்குப் பந்தோபஸ்து. ஊருக்குப் புயல் என்றாலும் அவருக்குப் பந்தோபஸ்து! தலைமைக் காவலர் வரை உள்ளவர்களுக்கு வாரம் ஒரு நாள் ஓய்வு என்ற ஆணையே 2021 நவம்பரில்தான் வந்தது. அது காகிதத்தில் படுத்துவிடாமல் ஒவ்வொரு நிலையத்திலும் நடமாட வேண்டும்.

மேலிடத்தின் ஒழுங்கையும் கேட்க வேண்டாமா? காவலரை வீட்டு வேலைக்கு ஏவும் ஆர்டர்லி முறையை ஒழிப்பதாக 1979இலேயே சர்க்கார் ஆணை பிறந்தது. நாற்பது ஆண்டு கடந்து, 2022இல், சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கண்டித்துப் பேச வேண்டியிருந்தது! சொந்தமாக ஒரு பெட்டிக்கடை வைத்தால் குற்றம் என்று காவலருக்கு விதி படித்துக் காட்டுவார்கள். அதிகாரி வீட்டுத் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது மட்டும் சர்க்கார் உத்தியோகமா? விடுமுறையில் வயலை உழும் காவலரையும், தையல் மெஷின் மிதிக்கும் காவலரின் மனைவியையும் துரத்துவதல்ல நம் நோக்கம். பினாமி பேரில் மனை பிரித்து விற்பவரும், லாரி ஓட்டுபவரும், வட்டிக்கு விடுபவருமே விதியின் வலையில் முதலில் விழ வேண்டியவர்கள். சிலந்தி வலை ஈயைப் பிடிக்கும், வண்டு கிழித்துக்கொண்டு போகும் என்பார்கள். நமக்கு வண்டைப் பிடிக்கும் வலை வேண்டும்.

ஆகவே கேட்கிறேன், மூன்று கோரிக்கை.

முதலாவது: ஒளி. ஐ.பி.எஸ். அதிகாரிகளின் அசையாச் சொத்துக் கணக்கு ஆண்டுதோறும் மத்திய உள்துறையின் வலைத்தளத்தில் வெளிவருகிறது. இன்ஸ்பெக்டரின் கணக்கோ கோப்புக்குள் உறங்குகிறது. அரசு ஊழியரின் சொத்து விவரம் சொந்த விவரம்; பெரும் பொதுநலன் இருந்தால் ஒழியக் கொடுக்க வேண்டியதில்லை என்று 2012இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. சரி, வீட்டையும் நகையையும் விட்டுவிடுங்கள். அனுமதி பெற்ற தொழில் எது, குடும்பத்தார் நடத்தும் தொழில் எது என்ற பட்டியலையாவது ஒவ்வொரு நிலையத்திலும் மக்கள் பார்க்க வையுங்கள். இது பெரும் பொதுநலன் அல்லாமல் வேறென்ன?

இரண்டாவது: விலகல். தமக்கோ தம்மவருக்கோ தொழில் தொடர்புள்ள வழக்கைத் தொடமாட்டேன் என்று எழுதி வைத்து, அதை வேறு அதிகாரியிடம் ஒப்படைக்கும் கடமையைக் கட்டாயமாக்குங்கள்.

மூன்றாவது: நியாய ஊதியமும் ஓய்வும். கார்ன்வாலிஸ் என்ற அந்நியனுக்குத் தெரிந்தது நம் சர்க்காருக்குத் தெரியாமல் போகலாமா? ஒரு கையால் தடுத்தால், மறு கையால் கொடுக்க வேண்டும்.

வாசக நண்பரே! நாளை உங்கள் தெருவிலே ஒரு தகராறு வரலாம். பூந்தமல்லியிலோ, பட்டாபிராமிலோ, கொரட்டூரிலோ ஒரு நிலையத்தின் படியில் நீங்கள் ஏற வேண்டி வரலாம். அப்போது எதிரே நாற்காலியில் இருப்பவர் சட்டத்தின் ஆளா, எதிராளியின் கூட்டாளியா என்ற ஐயம் உங்கள் நெஞ்சில் எழக் கூடாது. அந்த ஐயமே இல்லாத நாளைத்தான் கேட்கிறோம். நிலையத்திலே மேசை இருக்கட்டும், மனு வாங்கும் புத்தகம் இருக்கட்டும். கல்லாப் பெட்டி மட்டும் வேண்டாம்!