செலிபிடாக்கேயின் மெதுநடை



ஒரே கவிதை வரி, படிப்பவரின் நிறுத்தத்தாலும் அழுத்தத்தாலும் வேறு பொருள் கொள்வதைக் கவிஞர்கள் அறிவர். மேலையிசையில் அந்தப் படிப்பவரின் இடத்தில் நிற்பவர் இசைக்குழு நடத்துநர். 1912இல் ருமேனியாவில் பிறந்து 1996இல் மறைந்த செர்ஜியு செலிபிடாக்கே, அவ்வகையில் பெரிதும் போற்றப்பட்டவர். பெரிதும் பழிக்கப்பட்டவரும் ஆவார். பழிக்குக் காரணம் அவருடைய மெதுநடை.

ஆஸ்திரிய நாட்டு அன்ட்டன் புரூக்னர், ரொமாண்டிக் எனப்படும் புனைவியல் இசையின் பிற்காலத்தவர். அவருடைய எட்டாம் சிம்பொனியைப் பிறர் ஏறத்தாழ 80 நிமிடங்களில் முடிப்பர். 1993இல் மியூனிக் பில்ஹார்மோனிக் குழுவைக் கொண்டு செலிபிடாக்கே நிகழ்த்தியபோது, அது 100 நிமிடங்களைக் கடந்தது. மூன்றாம் பகுதி மட்டும் சுமார் 35 நிமிடம். அப்பகுதியின் தலையில் மெதுவாக என்று குறித்த புரூக்னர், இழுத்தல் ஆகாது என்றும் குறித்துள்ளார். அவ்வாறாயின் செலிபிடாக்கே செய்தது விளக்கமா, மீறலா?

வேகத்தை அளப்பது கடிகாரம் அன்று, அரங்கமே என்பது அவர் கொள்கை. ஒலிகள் பல பின்னி வருமிடத்தில் ஒவ்வொன்றும் எழுந்து அடங்கக் காலம் வேண்டும். புரூக்னரும் மடாலயத்தில் ஆர்கன் வாசித்தவர். கல் மண்டபத்தில் ஒலி தேய்ந்தடங்குவதைக் கேட்டுப் பழகியவர். மூன்றாம் பகுதியில் இக்கொள்கை மெய்யாகிறது. உச்சத்தில் பெரிய கைத்தாளங்கள் மோதுகையில், அவ்வோசை திடீர் முழக்கமாக இல்லை. அதுவரை திரண்டு வந்ததன் நிறைவாகக் கேட்கிறது.

இறுதிப் பகுதியில் அதே கொள்கை தளர்கிறது. அதன் தொடக்கத்தைக் கோசாக் வீரர்களின் குதிரைச் சவாரி என்று 1891ஆம் ஆண்டுக் கடிதமொன்றில் புரூக்னரே எழுதியுள்ளார். செலிபிடாக்கேயிடமோ குதிரைகள் நடை போடுகின்றன. பெருமிதம் உண்டு, பாய்ச்சல் இல்லை.

எனினும் தீர்ப்பளிப்போர் ஒன்றை மறத்தல் ஆகாது. மியூனிக் நாள்களில் இசைத்தட்டுக்காக ஒலிப்பதிவு செய்ய அவர் இசையவில்லை. அரங்கின் ஒலியைத் தட்டு ஏந்தாது என்று கருதினார். அவர் மறைந்த பின், குடும்பத்தார் இசைவுடன் வெளிவந்த நிகழ்ச்சிப் பதிவுகளே இன்று அவருக்குச் சான்றாக நிற்கின்றன. எந்த அரங்குக்காக அவர் காத்திருந்தாரோ, அந்த அரங்கை இழந்தே இன்றைய செவி அவரைக் கேட்கிறது.

இது இறுதிப் பகுதியின் குறையைப் போக்கிவிடாது. குறை கூறும் குரலைச் சற்றுத் தாழ்த்தும். இழுத்தல் ஆகாது என்ற புரூக்னரின் சொல்லுக்கு மூன்றாம் பகுதியில் செலிபிடாக்கே கடன் தீர்த்தார். இறுதிப் பகுதியில் கடன்பட்டே நின்றார்.