காது கேட்கும் கருவி உதவுகிறதா? அளந்து பார்ப்பது எப்படி?

வயதான பெற்றோருக்குக் காது கேட்கும் கருவி வாங்கிக் கொடுக்கும் பிள்ளைகள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். ஆனால் வாங்கிய கருவி எந்த அளவுக்கு உதவுகிறது என்று அளந்து பார்க்கும் பழக்கம் இன்னும் வரவில்லை. ஆயிரக்கணக்கான ரிங்கிட் கொடுத்து வாங்கிய கருவி அலமாரியில் தூங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செமினியில் ஒரு பெரியவர் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இளமையில் தோட்ட வேலை. பிறகு இருபது ஆண்டுகள் தொழிற்சாலையில், இயந்திரத்தின் பக்கத்திலேயே நின்றவர். நம் நாட்டின் 1989 ஆம் ஆண்டு இரைச்சல் விதிகள் எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை அனுமதித்தன. 2019 ஜூன் மாதம் அமலுக்கு வந்த விதிகள்தாம் அதை 85 ஆகக் குறைத்தன. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும் என்பதால் இந்த ஐந்து டெசிபல் சிறிய வேறுபாடு அல்ல. அந்தத் தலைமுறையின் காதுகள் பழைய விதியின் கீழ் உழைத்தவை.

மகன் அவரைப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்கிறார். சத்தம் புகாத அறையில் 'பீப்' ஒலி கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கருவி இல்லாமல் ஒருமுறை, கருவியோடு ஒருமுறை. "முன்பு 55 டெசிபலில்தான் கேட்டது, இப்போது 30லேயே கேட்கிறது" என்று தாளைக் காட்டினால் குடும்பமே மகிழ்ந்து போகும். இந்தக் கணக்கு பொய்யல்ல. ஆனால் அரைக் கணக்கு. இன்றைய கருவிகள் மெல்லிய ஒலியை அதிகமாகவும் உரத்த ஒலியை குறைவாகவும் பெருக்கிக் கொடுக்கின்றன. மெல்லிய 'பீப்' ஒலியில் கிடைத்த அதே ஆதாயம், சாதாரண பேச்சில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. இரைச்சலுக்கு நடுவே பேச்சு புரியுமா என்பதையும் அந்தத் தாள் சொல்லாது.

இதைவிட நம்பகமான ஒரு சோதனை உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைச் செவிப்பறைக்கு அருகே வரை செலுத்தி, கருவி காதுக்குள் உண்மையில் எவ்வளவு ஒலியைத் தருகிறது என்று அளப்பார்கள். ஒவ்வொருவரின் காதுக் குழியும் வேறு அளவு என்பதால் இது அவசியம். கருவி வாங்கும் இடத்தில் இந்தச் சோதனை செய்வீர்களா என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஆனால் காதுக்குள் ஒலி போய்ச் சேர்ந்தால் மட்டும் போதுமா? வாழ்க்கையில் என்ன மாறியது என்பதல்லவா கேள்வி? செமினியில் 2005 முதல் இயங்கும் நாட்டிங்காம் பல்கலைக்கழக வளாகத்தை இந்த வட்டாரத்தினர் அறிவார்கள். அதன் தாய் வளாகம் இருக்கும் பிரிட்டனின் நாட்டிங்காம் நகரில் 1977இல் செவிப்புலன் ஆய்வுக் கழகம் ஒன்று தொடங்கப்பட்டது. அதன் கிளாஸ்கோ பிரிவைச் சேர்ந்த ஸ்டுவர்ட் கேட்ஹவுஸ் 1999இல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார். அதில் நான்கு சூழல்கள்: மற்றவர்களுக்கு ஏற்ற அளவில் ஒலி வைத்துத் தொலைக்காட்சி பார்ப்பது, அமைதியான இடத்தில் ஒருவரோடு பேசுவது, பரபரப்பான தெருவிலோ கடையிலோ பேசுவது, பலர் கூடியிருக்கும்போது பேசுவது. இவற்றோடு, தமக்கு முக்கியமான சூழல்களையும் அவரவர் சேர்த்துக் கொள்ளலாம்.

நம் பெரியவர் எதைச் சேர்ப்பார்? கோயில் அன்னதானப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது, தொலைபேசியில் பேத்தியின் குரல், கிளினிக்கில் தம் பெயரைக் கூப்பிடுவது. கருவி வாங்கும் முன்பே ஒவ்வொன்றிலும் எவ்வளவு சிரமம், அது மனத்தை எவ்வளவு வருத்துகிறது என்று எழுதி வைக்க வேண்டும். சில வாரம் கழித்து அதே சூழலில் கருவியை எவ்வளவு நேரம் அணிந்தார், எவ்வளவு உதவியது, இன்னும் எவ்வளவு சிரமம் மீதி இருக்கிறது என்று கேட்க வேண்டும். தொலைபேசியில் தேறியவர் பந்தியில் தேறாமல் இருக்கலாம். அப்படியானால் கருவியைத் திருத்தி அமைக்க வேண்டும். கருவியே வீண் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. லேசானது முதல் நடுத்தரமானது வரை செவிக்குறை உள்ள 825 பேர் பங்கேற்ற ஐந்து ஆய்வுகளை 2017இல் காக்ரேன் அமைப்பின் அறிக்கை தொகுத்துப் பார்த்தது. கருவியால் கேட்கும் திறனும் வாழ்க்கைத் தரமும் மேம்படுகின்றன என்பதே அதன் முடிவு.

மொழிச் சிக்கலும் இருக்கிறது. இரைச்சலில் பேச்சைச் சோதிக்க மலாய் மொழி வாக்கியங்கள் 2008இல் வெளியாயின. தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்று மைசூரில் 1976லேயே உருவானது. மலாய் அரைகுறையாகத் தெரிந்த முதியவரை மலாய்ச் சொற்களால் சோதித்தால், அளப்பது காதையா, மொழியறிவையா? தமிழில் சோதிக்க வசதி உண்டா என்று குடும்பத்தார் கேட்கலாம். பட்டியல் கிடைத்தாலும், அதிலுள்ள சொற்கள் இங்குள்ளவர்களுக்குப் பழக்கமானவையா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று, நம்மவர் குணம். பிள்ளை பணம் போட்டு வாங்கியது என்பதால் "நல்லா கேக்குதுய்யா" என்று பெரியவர் சொல்லிவிடுவார். அந்தப் பதிலை அப்படியே தாளில் எழுதினால் பயனில்லை. மகன் வெளியே காத்திருக்கட்டும். பெரியவரைத் தனியாகக் கேட்க வேண்டும். பிறகு அவர் மனைவியை உள்ளே அழைத்து, வீட்டில் தொலைக்காட்சியின் சத்தம் இப்போது எத்தனையில் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.