இடுப்பு வலியும் அதைக் காட்டிப் பிழைப்பவர்களும்

(திருக்கோவிலூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சுயமரியாதைக் கூட்டம் என்றால் சாமியைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசுவார்கள்; இடுப்பு வலியைப் பற்றிப் பேச இங்கே என்ன இருக்கிறது என்று சிலருக்குத் தோன்றலாம். தோழர்களே! வலி வந்த இடத்தில்தான் பகுத்தறிவுக்குப் பரீட்சை. சுகமாயிருக்கும்போது கடவுள் எங்கே என்று கேட்கிறவனும், இடுப்பைப் பிடித்துக்கொண்டால் வேப்பிலை அடிக்கிறவன் வாசலில் போய் நிற்பதைப் பார்க்கிறோம். ஆகவேதான் இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டோம்.

இது சின்ன நோயல்ல. 2020-ம் வருஷத்தில் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்பு வலி இருந்ததாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்குச் சொல்லுகிறது. மனிதனை வேலை செய்யவொட்டாமல் முடக்கும் காரணங்களில் இதுவே முதலாவது. இத்தனை கோடிப் பேரும் முற்பிறப்பில் ஒரே பாவத்தைச் செய்தார்களா? எல்லோருக்கும் ஒருவனே செய்வினை வைத்தானா? யோசித்துப் பாருங்கள்.

முதுகுத்தண்டின் அடியில், இடுப்புப் பாகத்தில் 5 எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டிருக்கின்றன. எலும்புக்கு எலும்பு நடுவில் மெத்தை போல் ஒரு ஜவ்வு வட்டு. இவைகளைச் சுற்றித் தசைகள், தசைநார்கள், நரம்புகள். குனிவதும், நிமிர்வதும், சுமப்பதும் இவைகளின் வேலை. இவைகளில் ஏதோவொன்று பிசகினாலும் களைத்தாலும் வலி வருகிறது. 100-க்குச் சுமார் 90 பேருக்கு, இன்ன இடத்தில் இன்ன கோளாறு என்று விரல் வைத்துக் காட்ட முடியாத சாதாரண வலிதான். அதிகச் சுமை, ஓயாத குனிவு, நாளெல்லாம் உட்கார்ந்தே இருப்பது, உடல் பருமன், புகைபிடித்தல், தூக்கமின்மை, மனக்கவலை இவையெல்லாம் அதை உண்டாக்கும், அல்லது நீடிக்கச் செய்யும்.

இனி முக்கியமான சங்கதி ஒன்று. புதிதாய் வருகிற இடுப்பு வலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில், அநேகமாய் ஆறு வாரத்துக்குள், தானாகவே வெகுவாய்த் தணிந்துவிடுகிறது. இந்த ஒரு உண்மைதான் எத்தனையோ பேருடைய பிழைப்புக்கு மூலதனம்! ஆறு வாரத்தில் போகக்கூடிய வலிக்கு ஐந்தாவது வாரத்தில் எவன் கை பட்டதோ அவனே கைராசிக்காரன். காலால் பிறந்தவனை அழைத்து இடுப்பில் உதைக்கச் சொல்லுகிற வழக்கம் நம் ஊர்களில் இன்றும் போகவில்லை. தாய் வயிற்றில் குழந்தை திரும்பாமல் இருந்ததற்கும் இன்னொருவன் முதுகு வலிக்கும் என்ன சம்பந்தம்? உதைத்த பிறகு வலி நின்றால் உதைத்தவனுக்குப் பெருமை; நிற்காவிட்டால் உதைபட்டவனுடைய தலைவிதி. எலும்பு பலமற்ற கிழவியை உதைத்து எலும்பு முறிந்தால் யார் ஜவாப்தாரி?

இந்த ஊர்ப் பெருமாள் ஒரு காலைத் தூக்கி உலகத்தை அளந்தவர் என்கிறார்கள். எத்தனையோ நூற்றாண்டுகளாய் ஒற்றைக் காலில் நிற்கும் அவருக்கு இடுப்பு வலி வந்ததாய் யாரும் சொல்லவில்லை. சிலைக்கு வலியில்லை. அதைத் தூக்கிச் சுமக்கிறவனுடைய தோளுக்கும் இடுப்புக்குந்தான் வலி. அந்த வலி போக அவனையே அங்கப்பிரதட்சணம் செய்யச் சொன்னால் இது என்ன நியாயம்?

நிற்க. மந்திரவாதியை மாத்திரம் குறை சொல்லிவிட்டு விஞ்ஞானத்தின் பேரால் நடக்கும் வியாபாரத்தை விட்டுவிட்டால் நாம் பகுத்தறிவுவாதிகள் ஆகமாட்டோம். இடுப்பு வலி என்று போனவுடன் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடு என்று சொல்லும் இடங்கள் உண்டு. படத்தைக் காட்டி "ஜவ்வு விலகிவிட்டது" என்று சொன்னவுடன் நோயாளி பாதி உயிர் போனவனாகிறான். ஆனால் வலியே இல்லாதவர்களைப் படம் பிடித்துச் செய்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2015-ல் வெளியிட்ட கணக்கு என்ன சொல்லுகிறது? 20 வயதுக்காரர்களிலேயே 100-க்கு 30 பேருக்கு ஜவ்வு பிதுங்கியிருக்கிறது. 80 வயதில் 84 பேருக்கு. தலைநரை போல் அது வயதின் அடையாளம். ஆகையால் படத்தை மட்டும் கண்டு பயந்து கத்திக்கு உடன்படுவதும், சோழியைக் கண்டு பயந்து பரிகாரத்துக்கு உடன்படுவதும் ஒன்றேயாகும்.

அப்படியானால் டாக்டரே வேண்டாமா என்றால், கட்டாயம் வேண்டும். நல்ல டாக்டர் முதலில் படம் கேட்கமாட்டார். உங்களைக் கேள்வி கேட்பார். படுக்கவைத்துக் காலை நீட்டியபடியே தூக்கிப் பார்ப்பார். குதிகாலிலும் முன்காலிலும் நடக்கச் சொல்லுவார். முழங்காலில் தட்டிப் பார்ப்பார். வலி இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே மின்சாரம் போல் இறங்கினால், ஜவ்வு நரம்பை அழுத்துகிறதா என்று ஆராய்வார். இதை 1934-ல் அமெரிக்காவில் மிக்ஸ்டர், பார் என்ற இருவர் விளக்கினார்கள். இந்த வலியும் பெரும்பாலோருக்கு ஆபரேஷன் இல்லாமலே தணிகிறது.

ஆனால் கீழ்க்கண்ட குறிகளை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யவேண்டும். மூத்திரம் அடைபடுதல், அல்லது அறியாமல் மலமூத்திரம் போதல், மறைவிடத்தைச் சுற்றி மரத்துப்போதல், கால்கள் பலம் இழத்தல், இவைகளில் எது கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். ஒரு நாள் தாமதமும் ஆயுள் முழுவதும் முடமாக்கலாம். காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைத்தல், இரவில் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் கண்டிருத்தல், கீழே விழுந்த பின் வந்த வலி, இவைகளுக்கும் தாமதம் கூடாது. வாலிபர்களுக்குக் காலையில் எழும்போது இடுப்பு விறைத்து, நடமாடினால் குறைந்து, மாதக்கணக்கில் நீடித்தால் அது வேறு வாத நோயாயிருக்கலாம். அதற்குத் தனி மருந்து உண்டு.

நம் நாட்டில் முதுகெலும்பைக் காசநோயும் தாக்குகிறது. கூன் விழுந்தவனைப் பாவி என்றார்கள். காசத்துக்குக் காரணம் ஒரு கிருமி என்று 1882-ல் காக் என்பவர் கண்டுபிடித்தார். முதுகெலும்புக் காசக்காரரில் பெரும்பாலோர் நடமாடிக்கொண்டே மாத்திரை சாப்பிட்டுக் குணமாகலாம் என்பதைச் சென்னையில் நடந்த ஆராய்ச்சியும் உலகத்துக்குக் காட்டியது. அந்த மாத்திரை சர்க்கார் ஆஸ்பத்திரியில் இனாம். பரிகாரத்துக்குத்தான் பணம்!

சாதாரண வலிக்குச் சிகிச்சை என்ன? முதலாவது, படுக்கையில் கிடக்காதீர்கள். முடிந்தமட்டும் நடங்கள், இயன்ற வேலையைச் செய்யுங்கள். வெந்நீர் ஒத்தடம் இதமாயிருக்கும். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் சில நாள் மாத்திரம் சாப்பிடலாம். கடையில் கேட்டு மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும் வரும். வலி நீடித்தால் தேகப்பயிற்சிதான் முக்கியம். 2023-ல் உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்ட யோசனைகளில் பயிற்சியை ஆதரித்து, இடுப்புப் பட்டையையும், இழுவை வைத்தியத்தையும், அபின் வகை மருந்துகளையும் வழக்கமாய்க் கொடுக்கவேண்டாம் என்று சொல்லியிருக்கிறது. பயிற்சியைக் கற்றுக்கொடுக்க இயன்முறை வைத்தியர்கள் இருக்கிறார்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் அவர்கள் முடங்கியவர் வீட்டுக்கே வருகிறார்கள். கள்ளக்குறிச்சியில் 2022-ல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உரிமையோடு போய்க் கேளுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். தென்பெண்ணைப் பாய்ச்சலில் நாளெல்லாம் குனிந்து நாற்று நடுகிறவள் யார்? ஆலைக்குப் போகும் கரும்பை வெட்டிக் கட்டி லாரியில் ஏற்றுகிறவன் யார்? குனிகிறவன் படிக்கவேண்டாம், படிக்கிறவன் குனியவேண்டாம் என்பதுதானே ஜாதி ஏற்பாடு? குனிந்தவன் வலி என்றால் அது கர்மபலன் என்று சொல்லிவிட்டார்கள்.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் மெக்சிக்க வமிசத்துப் பண்ணையாட்களுக்கு இரண்டடிக்கும் குறைந்த காம்புள்ள களைக்கொட்டைக் கொடுத்து நாளெல்லாம் குனியவைத்தார்கள். நீளக் காம்பு போட்டால் பயிர் கெடும் என்று முதலாளிகள் சாதித்தார்கள். தொழிலாளர்கள் வழக்காடினார்கள்; டாக்டர்கள் சாட்சி சொன்னார்கள்; 1975-ல் அந்தக் குட்டைக் காம்பு தடைசெய்யப்பட்டது. விவசாயம் அழிந்துபோகவில்லை. பகவான் எழுதிய கர்மபலனாயிருந்தால் காம்பின் நீளத்தை மாற்றினவுடன் அது எப்படி மாறும்?

நம் நாட்டிலும் அளவு மீறிய சுமையை 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34-வது பிரிவு தடுத்தது. ஆனால் அது தொழிற்சாலை வாசலோடு நின்றுவிட்டது; வயல் வரப்பைத் தாண்டவில்லை. ஆகவே நின்றபடி தள்ளும் களைக்கருவி வேண்டும், சுமைக்கு அளவு வேண்டும், வேலை நடுவில் இளைப்பாற நேரம் வேண்டும் என்று கூலிக்காரத் தோழர்கள், முக்கியமாய்த் தாய்மார்கள், கேட்கவேண்டும். பண்ணைக்காரரிடம் கேளுங்கள், கிராம சபையில் கேளுங்கள், ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடமும் கேளுங்கள். வலி வந்தால் கோயிலுக்குப் போகிற வழிச்செலவை ஆஸ்பத்திரிக்குப் போகச் செலவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறோம்.